டொக்டர் கேட்டதும் நான் சொன்னதும்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிப் பார்த்தேன். கை போகவில்லை, அடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசி வைத்ததிலிருந்து எனக்கு நலமில்லை. உனக்கும் நலமாக இருக்காது.

அன்றைக்கு நான் உடுப்பு காயப்போட்டுக்கொண்டே பேசினேன். கல்யாண மண்டபம், மேளக்காரர், பொண்ணுக்கு எடுக்கிற சாரியின் நிறம் என்று எல்லாம் பேசி முடித்தோம். வைக்கப் போகிற நேரத்தில் மெதுவாகக் கேட்டாய். "அம்மா, அவகிட்ட எல்லாத்தையும் சொல்லட்டுமா? வயிறு மட்டுமில்ல, அந்த மத்தக் கிளினிக்கு, மத்த மாத்திரை, எல்லாத்தையும்." நான் மூச்சுக்கூட விடாமல் பதில் சொன்னேன். "வயித்தச் சொல்லு, போதும். மனசு கினசுன்னு ஒளறி வைக்காத. பைத்தியம்னு முடிவு கட்டிருவாங்க." நீ "சரிம்மா" என்றாய். அந்தச் சரிம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். நீ கதவைச் சாத்திக்கொள்ளும் போதெல்லாம் அதைத்தான் சொல்வாய்.

போனில் பேசினால் நான் உன்னைப் பேச விடமாட்டேன். எதிரில் இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் நான் முடித்துவிடுவேன் என்று அப்பா சொல்வது பொய்யில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ ஒளித்து வைக்க வேண்டாம், யாருக்கு வேண்டுமானாலும் படிக்கக் கொடு. மூடி மூடி வைத்துத்தான் நம் வீட்டில் இவ்வளவும் நடந்தது.

நீ உயர்தரப் பரீட்சைக்குப் படித்த வருஷத்திலிருந்து தொடங்குகிறேன். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாய். வந்து சப்பாத்தைப் போட்டதும் மறுபடியும் ஓடுவாய். நம் லயத்து வீடுகளுக்கெல்லாம் கக்கூஸ் வரிசை கீழ்க்கோடியில். அங்கே போக எல்லாருடைய வாசலையும் தாண்ட வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு வாய் காத்திருக்கும். "என்ன தம்பி, மறுபடியுமா?" என்று கேட்காத ஆள் இல்லை. அப்பா உனக்குக் கக்கூஸ் கங்காணி என்று பெயர் வைத்தார். நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன். பரீட்சைப் பயம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். மனசுதான் காரணம், மனசைத் திடப்படுத்தினால் வயிறு தானாக அடங்கும் என்று உனக்கும் சொன்னேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. என் வித்தையையும் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். நாங்கள் தேயிலைக் கொழுந்தெடுக்கிற மலையில் கக்கூஸ் கிடையாது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு ஏறினால், புதருக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும், அட்டையும் கடிக்கும், கங்காணியும் தேடுவார். அதனால் வேலைக்கு வந்த புதிதிலேயே பெண்கள் ஒருத்திக்கொருத்தி கற்றுக்கொள்வது, தண்ணீர் குடிக்காமல் வருவது. நான் அதில் கெட்டிக்காரி. தேத்தண்ணியை ஒரு மிடறோடு நிறுத்திவிட்டு அந்தி வரைக்கும் அடக்கிக்கொண்டு நிற்பேன், அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வேன். உன்னிடமும் அதைத்தான் சொன்னேன். "காலையில ஒண்ணும் திங்காத, தண்ணியும் வேணாம். வந்து சாப்பிட்டுக்கலாம். அடக்கிப் பழகுடா, நாங்கள்லாம் இல்லையா?" நீ சொல் பேச்சுக் கேட்கிற பிள்ளை. வெறும் வயிற்றோடு தெமோதரையிலிருந்து பதுளைக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனாய். ஒவ்வொரு வளைவிலும் வியர்த்துக் கொட்டும், கண்ணை மூடிக்கொள்வேன் என்று பிறகொரு நாள் சொன்னாய். உன் காற்சட்டை இடுப்பில் நிற்காமல் போனபோது வளர்கிற வயது என்றேன்.

இரத்தம் போவதை நீ எவ்வளவு காலம் ஒளித்தாய் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தண்ணீர்ப் பீலிக்கரையில் நீயே உடுப்பைக் கசக்கத் தொடங்கியதும், அம்மாவுக்கு உதவி செய்கிறான் என்று பார்வதியிடம் சொல்லிப் பூரித்துப் போனேன். பார்வதி நமக்குப் பக்கத்துக் காம்பராக்காரி, நடுவில் ஒரு சுவர்தான், அவளிடம் சொன்னால் லயம் முழுக்கச் சொன்னது மாதிரி. ஒரு நாள் நீ அலசி முடிப்பதற்குள் நான் வந்துவிட்டேன். கல்லில் சிவப்பாக ஓடியது. கேட்டதற்கு "மூலமா இருக்கும்மா" என்று பெரிய மனிதன் மாதிரி சொன்னாய். டிஸ்பென்சரியில் முதலில் பூச்சி மருந்தும் பிறகு மூலத்துக்குக் களிம்பும் தந்தார்கள். நடக்க முடியாமல் நீ முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். குழாயில் கமெரா விட்டுப் பார்த்து, பெருங்குடலில் புண் வருகிற நோய் என்று சொன்னார்கள். முழுசாகப் போகாது, அடங்கும், திரும்ப வரும், மருந்தை விடவே கூடாது என்றார்கள்.

அதைக் கேட்டு அழுதேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. பிள்ளை பயந்தாங்கொள்ளி இல்லை, நோயாளிதான் என்று தலை நிமிர்ந்து சொல்ல ஒரு பெயர் கிடைத்துவிட்டது. லயத்துக்கு வந்ததும் வராததுமாக வாசலில் நின்று சொன்னேன். "எம் புள்ளைக்குப் பயமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கொடல்ல புண்ணு. பெரிய டொக்டரே சொல்லிட்டாங்க." நேற்று வரைக்கும் எல்லாம் மனசு என்றவள், அன்றைக்கு ஒரே நாளில் எல்லாம் குடல் என்று மாறிவிட்டேன். மன்னிப்பு கேட்க வேண்டும் என்று எனக்கோ அப்பாவுக்கோ தோன்றவில்லை.

இனி எழுதப் போவது உனக்குத் தெரிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

மூன்றாவதோ நான்காவதோ கிளினிக். அந்த டொக்டர் அம்மாவுக்குத் தமிழ் வராது. உனக்கு அப்போது சிங்களம் வராது. நான் கீழே கிராமத்துக் கடையில் சாமான் வாங்கியே வளர்ந்தவள், எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அவர்கள் கேட்பதை உனக்குத் தமிழில் சொல்வேன், நீ சொல்வதை அவர்களுக்குச் சிங்களத்தில் சொல்வேன். அதில் எனக்கு ஒரு கெத்தும் இருந்தது. அன்றைக்கு அவர்கள் வயிற்றைப் பற்றிக் கேட்டு முடித்துவிட்டு, பேனையை வைத்துவிட்டு, உன் முகத்தையே பார்த்தார்கள். பிறகு என்னிடம் கேட்டார்கள். இவனுக்கு மனம் எப்படி இருக்கிறது, ஒழுங்காகத் தூங்குகிறானா, முன்னே சந்தோஷப்பட்ட விஷயத்தில் இப்போதும் சந்தோஷப்படுகிறானா, வாழ்க்கை வேண்டாம் என்று தோன்றுகிறதா, அவனிடமே கேட்டுச் சொல்லுங்கள் என்றார்கள். எங்களுக்குப் பின்னால் வாங்குப் பலகையில் நம் தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும். நான் உன் பக்கம் திரும்பி, "வயித்து வலி கொறஞ்சிருக்கான்னு கேக்குறாங்க" என்றேன். நீ "கொஞ்சம்" என்றாய். நான் டொக்டரிடம் திரும்பி, மனதுக்கு ஒரு குறையுமில்லையாம், சந்தோஷமாகத்தான் இருக்கிறானாம் என்று சொன்னேன். அவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள்.

ஒரு நோய்க்குப் பெயர் வந்தாயிற்று, இரண்டாவது பெயர் வேண்டாம் என்றுதான் நினைத்தேன். மனநோய் கிளினிக் வாசலில் நிற்பவர்களை நம் சனம் எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படிப் பார்த்தவள்தானே. உன்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி உன்னுடையது தம்பி. உனக்கென்று ஒருவர் கேட்ட கேள்வியை நான் நடுவில் நின்று பிடுங்கிக்கொண்டேன். நீ பிறகு பண்டாரவளைக் கடையில் வேலைக்குப் போய் என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசப் பழகிவிட்டாய். என்றைக்காவது அந்த நாளை நினைத்துப் பார்த்து, டொக்டர் கேட்டதும் நான் சொன்னதும் வேறு வேறு என்று உனக்கு விளங்கியிருக்குமோ என்று பயந்துகொண்டே இருந்தேன். நீ கேட்கவில்லை. அதனால் நானே சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நான் எழுதத் தேவையில்லை, நீ அனுபவித்தவன். மாத்திரையில் முகம் ஊதிப் போய், கண்ணாடியைத் திருப்பி மாட்டி வைத்தாய். கரப்பந்து விளையாடக் கூப்பிட வந்த பையன்களிடம் தூங்குகிறான் என்று சொல்லச் சொன்னாய். பஸ்ஸில் ஏறவே மாட்டேன் என்றாய், வழியில் அவசரம் வந்தால் என்ன செய்வது என்ற ஒரே பயம். கக்கூஸ் போகிற தடவை குறைந்ததும் நான் கோயிலில் தேங்காய் உடைத்தேன். ஆனால் நீ சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தே கிடந்தாய். "வயிறுதான் அடங்கிருச்சே, இன்னும் என்னடா?" என்று அதட்டினேன். நீ மாத்திரையை வாயில் போட்டுவிட்டு வெளியே போய்த் துப்பியதை நான் கவனிக்கவில்லை. மறுபடியும் இரத்தம், மறுபடியும் ஆஸ்பத்திரி வாட்டு. இந்த முறை இரத்தம் ஏற்ற வேண்டி வந்தது.

வாட்டில் ஒரு சின்ன வயது டொக்டர் பிள்ளை இருந்தாளே, ஞாபகம் இருக்கும். எங்கேயோ கொஞ்சம் தமிழ் படித்திருக்கிறாள். என்னைக் கேட்கவே இல்லை. கட்டிலில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, "தம்பி... மனசு... சரியா?" என்று கேட்டாள். நான் வழக்கம்போலச் சிங்களத்தில் ஒன்றுமில்லை என்று தொடங்கினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கி நிறுத்தினாள். நீ வாட்டில் இருந்த அத்தனை பேருக்கும் முன்னால் சத்தம் போட்டு அழுதாய். "காலையில எழும்பவே விருப்பமில்ல. நான் இல்லாட்டி இவங்களுக்கும் லேசு" என்று சொன்னாய். இவங்க என்று என்னைத்தான் காட்டினாய். என் பிள்ளை செத்துப்போக நினைத்திருக்கிறான், நான் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு தமிழ் தெரிந்த ஒரு நர்ஸை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை எனக்கு விளக்கினாள். "அம்மா, குடலுக்கும் மூளைக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் செய்தி போய் வந்துக்கிட்டே இருக்கும். குடல் புண்ணா இருந்தா மனசும் சோர்ந்து போகும். மனசு நொந்தா வயித்து வலி, வயித்துப்போக்கு எல்லாம் இன்னும் கூடும். இது மனசால வந்த நோயில்ல. ஆனா மனசையும் பிடிக்கும். எது முதல்னு தேடாதீங்க, ரெண்டுக்கும் வைத்தியம் செய்யணும்." எவ்வளவு எளிமையாகச் சொல்லிவிட்டாள்! முதலில் எல்லாம் மனசு என்று சொல்லி உன் குடலைக் கவனிக்காமல் விட்டேன், பிறகு எல்லாம் குடல் என்று சொல்லி உன் மனதைக் கவனிக்காமல் விட்டேன். ஒரு தடவையாவது உன்னை முழுசாகப் பார்த்திருக்கலாம்.

அதோடு திருந்திவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. இல்லை. உன்னை அந்த இரண்டாவது கிளினிக்குக் கூட்டிப்போகும்போது பின்வாசலால் போவோம் என்றேன். தெரிந்தவர்கள் வந்தால் முந்தானையால் தலையை மூடிக்கொண்டேன். மழை இல்லாத நாளில் எதற்கம்மா முக்காடு என்று நீ கேலி செய்தாய். நீ கேலி செய்யத் தொடங்கியதே குணமாகிறாய் என்பதற்கு அடையாளம், அது எனக்கு விளங்கவில்லை. அங்கே பேசிப் பேசி, மாத்திரையும் எடுத்து, நீ மெல்ல எழும்பினாய். பண்டாரவளைக்கு வேலைக்குப் போன முதல் நாள் காலையில் ரொட்டியும் சம்பலும் தின்று, கோப்பை நிறையத் தேத்தண்ணியும் குடித்துவிட்டு பஸ் ஏறினாய். அன்றைக்கு மலையில் சந்தோஷத்தில் என் கை ஓடவே இல்லை. இருந்தும் யார் கேட்டாலும் வயிற்றுக்கு மருந்து எடுக்கிறான் என்றே சொல்லி வந்தேன். கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகும் அதே பாட்டுத்தான்.

இதுவரைக்கும் எழுதி, பெட்டிக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அவளிடம் எல்லாவற்றையும் சொல், நான் ஞாயிற்றுக்கிழமை சொன்னதைக் கணக்கில் எடுக்காதே என்று எழுதி முடிப்பதாக இருந்தேன். அன்று பின்னேரம் ஹாலிஎலயிலிருந்து நீ கட்டப்போகிற பொண்ணே எனக்குப் போன் எடுத்தாள்.

"அத்தை, வேலை முடிஞ்சு வந்துட்டீங்களா?" என்று கேட்டாள். வந்துவிட்டேன் என்றேன். "ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? அவருக்கு ஞாயித்துக்கிழமைல இருந்து வயிறு சரியில்ல. ராத்திரியில தூக்கமும் இல்லங்கிறாரு. நீங்க ஏதும் சொன்னீங்களா அத்தை?"

அப்போதும் பார், என் புத்தி எங்கே போனதென்று. "அது ஒண்ணுமில்லம்மா, அவனுக்குச் சின்ன வயசுல இருந்தே வயித்துல கொஞ்சம்..." என்று மூடப் பார்த்தேன்.

"எனக்கு எல்லாம் தெரியும் அத்தை" என்றாள். "பழகின கொஞ்ச நாள்லயே சொல்லிட்டாரு. ரெண்டு கிளினிக்கும் தெரியும், மாத்திரைப் பேரும் தெரியும். மோசமா இருந்தா என்ன செய்யணும்னுகூட எழுதித் தந்திருக்காரு. உங்ககிட்டதான் ஒரு தடவ கேட்டுப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

"எங்கிட்ட என்னத்தம்மா கேக்க?"

"அம்மா இன்னமும் என்னைய நெனச்சு வெக்கப்படுறாங்களான்னு."

தம்பி, அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளிடம் சொல்லலாமா என்று நீ என்னிடம் அனுமதி கேட்கவே இல்லை. அவளைச் சாக்கு வைத்து என்னை விசாரித்திருக்கிறாய். நானும் கேட்ட உடனே, ஆமாம் வெட்கப்படுகிறேன் என்று பதில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதில் உன் வயிற்றில் இறங்கி வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்த டொக்டர் பிள்ளை சொன்னதை மறுபடியும் யாரும் எனக்கு விளக்கத் தேவையில்லை.

இல்லை, வெட்கமே இல்லை என்று இப்போது எழுதினால் அதுவும் ஒரு பொய். வெட்கம் இருந்தது. உன்னை நினைத்து என்பதைவிட, சனத்தின் வாய்க்குப் பயந்து. அதனால் நேற்று அந்தச் சனத்திடமே போனேன். கொழுந்து மடுவத்தில் கூடையை நிறுக்க வரிசையில் நிற்கும்போது பார்வதி எப்போதும் போலக் கேட்டாள், "மகனுக்கு வயிறு இப்ப நல்லமா அக்கா?" என்று. நல்லம் என்று சொல்லிவிட்டு நகர்வதுதான் வழக்கம். நேற்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். "வயிறும் கொஞ்சம், மனசும் கொஞ்சம் பார்வதி. ரெண்டுக்கும் பதுளையில கிளினிக்கு போனான். மனசுக்கு மருந்து எடுத்த பொறகுதான் எம் புள்ள எழும்பி நடந்தான்." வரிசையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கங்காணிதான் "கூடையத் தூக்குங்க, கூடையத் தூக்குங்க" என்று சத்தம் போட்டார். இறங்கி வரும்போது பார்வதி என்னோடு ஒட்டி நடந்து வந்தாள். கொஞ்ச தூரம் வந்து, மற்றவர்கள் முன்னே போகட்டும் என்று நின்று, "அக்கா, அந்தக் கிளினிக்கு எந்தக் கெழம?" என்று கேட்டாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவளாகச் சொல்லும்போது சொல்லட்டும்.

இனிமேல் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இருந்தாலும் அம்மா இல்லையா, சொல்லாமல் விட முடியாது. கல்யாணச் சந்தோஷத்தில் இரண்டு மருந்தையும் நீயாக நிறுத்திவிடாதே, டொக்டர் சொல்லட்டும். மண்டபத்தில் கக்கூஸ் எங்கே இருக்கிறதென்று அப்பாவைப் போய்ப் பார்த்து வரச் சொல்லிவிட்டேன். மணவறையிலிருந்து பக்கம்தானாம். தாலி கட்டுகிற நேரம் அவசரம் வந்தால் எழுந்து போ, ஐயர் காத்திருப்பார். அப்பா பார்த்து வந்து சொன்னபோது சிரிக்கவில்லை. தான் உனக்கு வைத்த பழைய பெயரை நினைத்து, திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீ கட்டப்போகிற பொண்ணிடம் மோசமான நாளை மோசமான நாள் என்று சொல். அவள் நான் இல்லை, கேட்டுக்கொள்வாள்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட மனமில்லை. வெள்ளிக்கிழமை ரயிலில் நானே எடுத்து வருகிறேன், கங்காணியிடம் சொல்லியாயிற்று. நீ படித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கோபம் வந்தால் திட்டு, அழுகை வந்தால் அழு. உன் மனது எப்படி இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் நான் உன்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதைக் கேட்கத்தான் வருகிறேன்.

அம்மா